புகையிலையை விடு, எடையைக் குறை, சுகரை இறக்கு, அப்புறம்தான் ஆபரேஷன்: இது சரியா?

மார்ச் 2, காலை. கேட்டவர்

முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் வருகிறவரிடம் மூன்று நிபந்தனை சொல்லி அனுப்புகிறார்கள். பீடியை விடணும், பன்னிரண்டு கிலோ குறையணும், மூன்று மாத சராசரி சுகர் ஏழுக்குள் வரணும். ஓ.பி. சீட்டில் "பிறகு வரவும்" என்று எழுதியிருக்கும். எப்போது வரணும், யாரைப் பார்க்கணும், எதுவும் இருக்காது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் அன்றைக்கே ஆபரேஷன் நடக்கிறது. பத்து வருஷமாக வலியோடு காத்திருக்கிறவருக்கு மட்டும் ஏன் பரீட்சை? இது வைத்தியமா, பழக்கத்துக்குக் கொடுக்கிற தண்டனையா? என் கருத்து: நிபந்தனையே கூடாது. அபாயத்தைச் சொல்லு, கையெழுத்து வாங்கு, ஆபரேஷனைச் செய்.

மார்ச் 2, இரவு. எலும்பு டாக்டர்

மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் சிக்கல். பிரித்துப் பார்க்கணும்.

அவசரம் வேறு, நாள் குறித்துச் செய்வது வேறு. உடைந்த இடுப்பை இரண்டு நாளைக்கு மேல் போட்டு வைத்தால் நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக்கட்டு என்று உயிருக்கே வரும். அங்கே காத்திருப்பதுதான் பெரிய அபாயம். முட்டி மாற்று அப்படி இல்லை. ஆறு வாரம் கழித்துச் செய்தாலும் அதே ஆபரேஷன்தான். அந்த ஆறு வாரத்தில் அபாயம் பாதியாகக் குறையும் என்றால் கேட்கத்தான் வேண்டும்.

புகையிலையில் அது நடக்கிறது. நிகோடின் தோலுக்குப் போகிற சின்ன ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தையல் போட்ட இடத்துக்கு இரண்டும் ஒரே நேரத்தில் பாதகம். டென்மார்க்கில் இடுப்பு, முட்டி மாற்றுக்குக் காத்திருந்த 120 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள், 2002-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்கு 6 முதல் 8 வாரம் முன்பிருந்து வாராவாரம் ஆலோசனையும், புகைக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிற நிகோடின் மருந்தும் கொடுத்தார்கள். அவர்களில் சிக்கல் வந்தது 18 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 52 சதவீதம். புண் தொடர்பான சிக்கலை மட்டும் எடுத்தால் 5-க்கு 31.

"கையெழுத்து வாங்கிச் செய்" என்கிறீர்கள். செயற்கை முட்டியில் சீழ் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்தக் கையெழுத்துக்கு முன் யாராவது விளக்கியிருக்கிறார்களா? பெரும்பாலும் வைத்த உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் சிமெண்டையும் மொத்தமாக எடுக்கணும். ஆன்டிபயாட்டிக் கலந்த சிமெண்டில் தற்காலிகக் கட்டை ஒன்று வைக்கணும். ஆறு வாரம் போல ஊசி மருந்து. பிறகு ரத்தப் பரிசோதனை தெளிந்தால் இன்னொரு ஆபரேஷனில் புதிய முட்டி. இரண்டாவது முட்டி முதல் முட்டி போல மடங்காது. அதற்கு ஆகிற செலவு முதல் ஆபரேஷனைத் தாண்டிவிடும்.

மார்ச் 3, காலை. மயக்க டாக்டர்

புகை விஷயத்தில் எந்த நாளில் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபிட்னஸ் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்.

நிறுத்தி 12 முதல் 24 மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு பெரும்பகுதி வெளியேறிவிடும். அதன் அளவு பாதியாக 4 முதல் 6 மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆகவே முந்தின ராத்திரி விட்டால்கூடப் பயன் உண்டு. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற மயிரிழைகள் மறுபடி ஒழுங்காக வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். நுரையீரல் சிக்கலும் புண் சிக்கலும் தெளிவாகக் குறைய நான்கு வாரமாவது வேண்டும், எட்டு வாரம் என்றால் இன்னும் நல்லது.

மார்ச் 3, மதியம். கேட்டவர்

பத்து நாள்தான் இருக்கிறது என்றால் விடவே கூடாது, சளி கூடிவிடும் என்று மயக்க டாக்டர்களே சொல்கிறார்களே?

மார்ச் 3, மாலை. மயக்க டாக்டர்

அது பழைய பாடம். 1980-களின் கடைசியில் இதய பைபாஸ் நோயாளிகளை வைத்து வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. எட்டு வாரத்துக்குள் விட்டவர்களுக்கு நுரையீரல் சிக்கல் கூடுதல் போலத் தெரிந்தது. ஆள் எண்ணிக்கை குறைவு, வித்தியாசமும் உறுதியாக நிற்கவில்லை. 2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கடைசி நேரத்தில் விட்டால் கெடுதல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருமல் கூடுகிற மாதிரி சிலருக்குத் தோன்றும், உண்மை. அதற்காக "இப்போ விடாதே" என்று சொல்வது தவறு. பத்து நாள் இருந்தாலும் விடச் சொல்லுங்கள்.

மார்ச் 4. புகையிலை நிறுத்த ஆலோசகர்

எல்லோரும் புகையைப் பற்றியே பேசுகிறீர்கள். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் புகைக்கிற பெரியவர்கள் 10.7 சதவீதம், மெல்லுகிறவர்கள் 21.4. ஓ.பி.யில் "சிகரெட் பிடிப்பீங்களா" என்று கேட்டால் "இல்லைங்க" என்று உண்மையாகவே பதில் வரும். வாயில் ஹான்ஸ் இருக்கும். கூல் லிப், வெற்றிலையோடு போடுகிற புகையிலை, பல்பொடி என்று தேய்க்கிற புகையிலை, ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்கணும். வயதான பெண்களிடம் கட்டாயம் கேட்கணும். அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

பரிசோதனையிலும் இதே ஓட்டை. மூச்சை ஊதிப் பார்க்கிற கார்பன் மோனாக்சைடு கருவியில் 10 பிபிஎம்-க்குக் கீழே வந்தால் புகைக்கவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அது கடைசி ஒரு நாளைத்தான் காட்டும், மெல்லுகிறவரைக் காட்டவே காட்டாது. நிகோடின் உடலுக்குள் போய் மாறி உண்டாகிற கோட்டினினைச் சிறுநீரில் பார்த்தால் சில நாள் வரை பிடிக்கும், மெல்லுவதையும் பிடிக்கும். ஆனால் தோலில் நிகோடின் பேட்ச் ஒட்டி ஒழுங்காக விட்டவரையும் பிடிக்கும்! நாமே பேட்ச் எழுதிக் கொடுத்துவிட்டு, கோட்டினின் பாசிடிவ் என்று தேதியை ரத்து செய்வது அநியாயம். பேட்ச் போடுகிறவருக்கு மூச்சுக் கருவி, மெல்லுகிறவருக்குக் கோட்டினின். இரண்டும் பொருந்துகிற ஆளென்றால், பேட்ச் நிறுத்திய பிறகு ஒரு வாரம் கழித்துக் கோட்டினின்.

நிகோடின் சூயிங்கம் பற்றியும் சொல்லணும். சாதாரணச் சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லுகிறார்கள். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கல், எரிச்சல் வருகிறது. மூன்றாம் நாள் தூக்கிப் போட்டுவிட்டு "எனக்கு ஒத்துக்கலை" என்கிறார்கள். மெதுவாக மெல்லணும், நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கணும், காரம் போனதும் மறுபடி மெல்லணும், அரை மணி நேரம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காபி, டீ கூடாது, வாயில் அமிலம் கூடினால் நிகோடின் உறிஞ்சாது. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி தேவைப்படுகிறவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2. புகையிலை ஆசையைக் குறைக்கிற வாரெனிக்ளின் மாத்திரை என்றால் விடப்போகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கணும்: மூன்று நாள் அரை மி.கி. ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் அரை மி.கி. இரு வேளை, அப்புறம் 1 மி.கி. இரு வேளை. சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். தேசிய உதவி எண் 1800 11 2356, கட்டணம் இல்லை.

இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "விட்டுட்டு வா" என்று அனுப்புவதை நிபந்தனை என்று என்னால் ஏற்க முடியாது. அது வாசலில் நிறுத்துவது.

மார்ச் 5. கேட்டவர்

புகையிலை விஷயத்தில் இறங்கி வருகிறேன். எடை?

மார்ச் 6. எலும்பு டாக்டர்

எடையில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன், முழுசாக இல்லாவிட்டாலும்.

இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்க்க முயன்றார்கள். 2016-ல் யார்க் வட்டாரத்துக்கான பொதுச் சுகாதார நிதிக் குழு, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30-க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷன் ஓராண்டு வரை, புகைப்பவர் என்றால் ஆறு மாதம் வரை தள்ளிப்போகும் என்று அறிவித்தது. 10 சதவீத எடை குறைத்தால் அல்லது எட்டு வாரம் புகைக்காமல் இருந்தால் முன்கூட்டியே வரலாம். அறுவை மருத்துவர்களின் ராயல் காலேஜே அதை எதிர்த்தது. பணம் போதாததால் வந்த முடிவுக்கு ஆரோக்கியத்தின் பெயர் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. மேலிடம் தலையிட்டு நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அதே போன்ற விதி வந்தது: பிஎம்ஐ 40-க்கு மேல் என்றால் ஒன்பது மாதத்தில் 15 சதவீதம் குறைக்கணும். 2022 அக்டோபரில் அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடுகிற நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மான வழிகாட்டியில் தெளிவாக எழுதிவிட்டது: வயது, புகைப்பழக்கம், உடல் எடை ஆகியவற்றைக் காரணம் காட்டி மூட்டு மாற்றுக்குப் பரிந்துரைப்பதை மறுக்கக் கூடாது.

அமெரிக்காவில் 2023-ல் மூட்டுவாத மருத்துவர்களும் இடுப்பு-முட்டி அறுவை மருத்துவர்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டி கொண்டுவந்தார்கள். அதைத்தான் நான் கையில் வைத்துக்கொள்வேன். கட்டுப்படாத சுகர் இருந்தால் கட்டுப்படும் வரை தள்ளு. நிகோடின் இருந்தால் குறைக்கவோ விடவோ அவகாசம் கொடு. எடை இலக்குக்காகத் தள்ளாதே. பத்தாண்டுக்கு முன் அதே அறுவை மருத்துவர் சங்கம்தான் பிஎம்ஐ 40-க்கு மேல் தள்ளிப்போடுவதை யோசிக்கச் சொன்னது.

ஏன் இந்த மாற்றம்? கொழுப்பு ஆழமாக இருந்தால் புண் ஆற நேரமாகும், சீழ் வாய்ப்பு கூடும், எலும்பைச் சரியான கோணத்தில் வெட்டக் கை எட்டாது. இதெல்லாம் உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் முட்டி வலியில் கழிவறைக்கே சுவரைப் பிடித்துப் போகிறவர் எப்படி நடந்து பன்னிரண்டு கிலோ குறைப்பார்? பெரும்பாலோரால் முடிவதில்லை. அதற்குள் தொடைத் தசை மெலிகிறது, முட்டி வளைந்து இறுகுகிறது, வலி மாத்திரை டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் விழுங்கி வயிற்றுப்புண்ணோ சிறுநீரகப் பாதிப்போ வருகிறது. வலிக்கு முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஆபரேஷன் செய்யக் கூடாது, சீழ் அபாயம். அதே ஊசி சில நாள் சுகரையும் ஏற்றிவிடும். ஒரு நிபந்தனை இன்னொரு நிபந்தனையை உடைக்கிறது.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து. எலும்பு டாக்டர்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கணும்: எடை குறைந்தால் முட்டிக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழுகிற பாரம் நான்கு கிலோ அளவு குறைகிறது. தேய்மானத்தின் தொடக்கத்தில் இருப்பவருக்கு அதுவே மருந்து. எலும்போடு எலும்பு உரசுகிற நிலைக்கு வந்தவரிடம் அதையே நிபந்தனையாக வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

மார்ச் 8. டயட்டீஷியன்

நிபந்தனைக்குப் பயந்து பட்டினி கிடக்கிறார்கள், இது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு வேளை கஞ்சி, ராத்திரி வெள்ளரிக்காய். ஆறு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்து வருவார்கள், டாக்டர் பாராட்டுவார். குறைந்ததில் தசையும் கணிசமாகப் போயிருக்கும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.5-க்குக் கீழே போயிருந்தால், குண்டாக இருந்தபோது இருந்ததைவிட இப்போது புண் ஆறுவது கடினம்.

ஆபரேஷனுக்கு முன் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு எழுபது கிராமைத் தாண்டணும். நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிட்டால் பத்துகூடத் தேறாது. ஒரு முட்டை 6, ஒரு டம்ளர் பால் 6, நூறு கிராம் மீன் 18-க்கு மேல், ஐம்பது கிராம் சோயா உருண்டை 25. சாம்பார் நீர்க்க இருந்தால் பருப்புக் கணக்கு பொய். சோற்றைப் பாதியாக்கி முட்டையையும் பயறையும் கூட்டினால் சுகரும் சேர்ந்து இறங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது.

எடைக்காக நான் ஒப்புக்கொள்கிற ஒரே கட்டாயம், எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம். ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, பெரும்பாலும் திரவம். கல்லீரலின் இடது பகுதி கொழுப்பு குறைந்து சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்து வயிற்றின் மேல்பகுதியைப் பார்க்க முடியும். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, கால அளவு இருக்கிறது, யாராலும் செய்ய முடிகிறது. அதே ஆபரேஷனுக்கு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்ட மூன்று முதல் ஆறு மாதக் கட்டாய டயட்டை, அந்தத் துறை மருத்துவர் சங்கமே 2016-ல் ஆதாரமில்லாதது என்று சொல்லிவிட்டது.

மார்ச் 9. மயக்க டாக்டர்

சுகர். ஏழுக்குள் என்பது எங்கிருந்து வந்தது தெரியவில்லை. மூட்டு மாற்றுக்கு 7.5 அல்லது 8 என்று பல இடங்களில் வைக்கிறார்கள். பிரிட்டனில் பொதுவாக 8.5. வயிற்றுச் சுவர் ஹெர்னியாவுக்கு 8. ஏழு என்று வைத்தால் வயதானவர்களுக்கு லோ சுகர் வந்து விழுவார்கள்.

மூன்று மாத சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், நம் ஊர்ப் பெண்களில் அது சர்வ சாதாரணம். ரத்தம் ஏற்றியிருந்தாலோ டயாலிசிஸில் இருந்தாலோ குறைவாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் பார்க்காமல் எச்பிஏ1சி பார்த்து ஆளைத் திருப்பி அனுப்புவது சரியில்லை. சந்தேகம் இருந்தால் ஃப்ரக்டோசமைன் பாருங்கள், அது கடைசி இரண்டு மூன்று வாரத்தைச் சொல்லும். சுகரை இறக்கியவர் பலன் காட்ட மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் நேரத்தில் ரத்தச் சுகர் 100 முதல் 180-க்குள் நிற்கிறதா என்பதே முக்கியம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் போடுகிறவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்தணும். சுகர் நார்மலாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும், வார்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதால் நோயாளிக்கே தெரியாமல் போட்டுக்கொண்டிருப்பார். அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எடைக்கு வாராந்திர செமாகுளுடைட் ஊசி போடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்லணும். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகும்.

மார்ச் 12. கல்லீரல் வார்டு

குடிப்பழக்கத்துக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். டென்மார்க்கிலேயே, தினமும் 60 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் குடித்தவர்களைப் பெருங்குடல் ஆபரேஷனுக்கு முன் ஒரு மாதம் நிறுத்த வைத்தார்கள். 42 பேர், 1999-ல் வெளிவந்தது. சிக்கல் 74 சதவீதத்திலிருந்து 31-க்கு வந்தது.

ஆனால் கல்லீரல் மாற்றுக்கு "ஆறு மாதம் குடிக்காமல் இரு" என்ற பழைய விதி வேறு கதை. கடுமையான மது ஹெபடைடிஸில் (குடியால் வருகிற கல்லீரல் அழற்சி) ஸ்டீராய்டு மருந்துக்குக் குணம் தெரியாதவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் இருக்கவே மாட்டார்கள். 2011-ல் பிரான்ஸ், பெல்ஜியத்தில் குடும்ப ஆதரவு பார்த்துக் கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் 77 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். மாற்றாதவர்களில் 23 சதவீதம். மறுபடி குடித்தவர்கள் மூன்று பேர். இந்தியாவில் பெரும்பாலும் மனைவியோ மகனோதான் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்கிறார்கள். ஆகவே கொடுப்பவரின் உடலையும் எண்ணித்தான் முடிவெடுக்கணும். கொடுப்பவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தால் ஒன்றிரண்டு மாதம் எடை குறைக்கச் சொல்வது நியாயம். அது பலன் தருகிறது.

மார்ச் 12, இரவு. மயக்க டாக்டர்

ஒரு எச்சரிக்கை. தினமும் குடிக்கிறவரை "நாளையிலிருந்து நிறுத்து" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு, இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கமும் பிதற்றலும் வரலாம், உயிருக்கு ஆபத்து. தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தணும்.

மார்ச் 17. எலும்பு டாக்டர்

புற்றுநோய் ஆபரேஷனை இதற்கெல்லாம் தள்ளக் கூடாது. சீட்டு எழுதின அன்றே புகையிலையை நிறுத்தச் சொல்லு, தேதியை மாற்றாதே. எதிர்ப்பக்கத்தில், வேறிடத்துத் தசையை எடுத்து நுண் ரத்தக்குழாய் ஒட்டுகிற ஆபரேஷனில் பேட்ச்கூட வேண்டாம் என்று சில பிளாஸ்டிக் சர்ஜன்கள் பிடிவாதமாக இருப்பார்கள். அங்கே அந்தக் கண்டிப்பு எனக்குப் புரிகிறது.

மார்ச் 20. கேட்டவர்

"நிபந்தனையே கூடாது" என்பதை மாற்றிக்கொள்கிறேன். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். சிக்கல் விகிதம் குறைவாகக் காட்ட விரும்புகிற மருத்துவமனைக்கு, பேக்கேஜ் தொகைக்குள் முடிக்க நினைக்கிற மருத்துவமனைக்கு, கஷ்டமான நோயாளியைக் கழித்துவிட இது நல்ல சாக்கு. அதை எப்படித் தடுப்பது?

மார்ச் 20, இரவு. எலும்பு டாக்டர்

சீட்டில் எழுத வைப்பதுதான் ஒரே வழி. "பிறகு வரவும்" கூடாது. எந்த அளவு, எந்தப் பரிசோதனையில், எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது, அதுவரை வலிக்கு என்ன, புகையிலை நிறுத்த யாரைப் பார்ப்பது, ஆபரேஷனுக்குத் தற்காலிகமாக எந்த வாரம். அளவை எட்டாவிட்டாலும் அந்தத் தேதியில் டாக்டர் நேரில் உட்கார்ந்து பேசணும், தானாக ரத்தாகக் கூடாது. பன்னிரண்டுக்கு மேல் இருந்த சுகர் 8.4-க்கு வந்தவரை 0.4-க்காகத் திருப்பி அனுப்புவது முட்டாள்தனம். 2002-ம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளில் டாக்டர் எல்லோருக்கும் வைத்தியம் செய்தே ஆகணும் என்று இல்லை, ஆனால் காரணமின்றி மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. எழுத்தில் காரணம் கேட்க நோயாளிக்கு அதுவே போதும்.

மார்ச் 24. பிசியோ

காத்திருக்கிற வாரங்களில் செய்ய வேண்டியதை யாரும் எழுதவில்லை. முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தி ஐந்து விநாடி பிடிப்பது, பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி இறக்குவது. கைப்பிடி உள்ள நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. மறுநாள் முட்டி வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்கு, நிறுத்தாதே.

மூன்று பந்து மூச்சுக் கருவியை வாங்கிக் கொடுத்தால் பாதிப் பேர் ஊதுகிறார்கள். அது உறிஞ்சுவதற்கு. உதட்டை இறுக்கி மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்கும்போது மூன்று விநாடி பிடித்து, வாயை எடுத்துவிட்டு மூச்சை விடணும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. தலை சுற்றினால் வேகமாகச் செய்கிறார் என்று அர்த்தம். ஆபரேஷனுக்கு முன்பே பழகியவர்தான் மறுநாள் வலியோடு இதைச் சரியாகச் செய்வார்.

மார்ச் 24, மதியம். கேட்டவர்

ஆபரேஷன் அன்று காலை நிகோடின் சூயிங்கம் மெல்லலாமா?

மார்ச் 24, மாலை. மயக்க டாக்டர்

வேண்டாம், வயிறு காலியாக இருக்கணும், வாயிலும் எதுவும் இருக்கக் கூடாது. பேட்ச் ஒட்டியிருக்கலாம். எங்கே ஒட்டியிருக்கிறது என்று தியேட்டருக்குள் போகும் முன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.